கொரோனா வைரசின் சவ்வு இணைவு

கொரோனா வைரசைப் போர்த்தியுள்ள கொழுப்புப் படலமும் அது தொற்றும் உயிரணுவின் சவ்வும் ஒன்றாகக் கலந்து, வைரசின் ஆர்என்ஏ உள்ளே செல்ல வழி திறப்பதே சவ்வு இணைவு. இதை நடத்துவது ஸ்பைக் புரதம். மூன்று மூன்றாகப் பிணைந்து நிற்கும் இப்புரதத்தின் எஸ்1 பகுதி உயிரணுவின் ஏற்பியைப் பற்றுகிறது. எஸ்2 பகுதி சவ்வுகளை இணைக்கிறது.

இரண்டு சவ்வுகள் தாமாக ஒன்று சேர்வதில்லை. இடையிலுள்ள நீரை விலக்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் புரதம் உருவாகும்போதே அதன் வடிவத்துக்குள் ஏறிவிடுகிறது, நாணேற்றிய வில்லைப் போல. ஒருமுறை எய்துவிட்டால் மறுபடி நாண் ஏறாது.

1960களில் லண்டனில் ஜூன் அல்மெய்டா எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் வைரசைச் சுற்றி ஒளிவட்டம்போல் தெரிந்தவை இந்த ஸ்பைக்குகள்தாம். 1968இல் இவ்வகை வைரஸ்களுக்குப் பெயர் வந்ததும் அந்தத் தோற்றத்தால்தான். ஆனால் அவை என்ன செய்கின்றன என்பதை முதலில் விளக்கியது மனிதரைத் தாக்காத ஒரு வைரஸ்: எலிகளின் கல்லீரலைத் தாக்கும் எம்எச்வி. அமெரிக்காவில் லாரன்ஸ் ஸ்டர்மன், கேத்ரின் ஹோம்ஸ் ஆகியோர் 1985இல், டிரிப்சின் நொதி ஸ்பைக்கை இரண்டாக வெட்டியதும் அது உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் திறன் பெறுவதைக் காட்டினர். பின்னாளில் தெரிந்துகொண்ட பலவற்றுக்கும் இந்த எலி வைரஸ் ஆய்வே அடித்தளம். அதற்கு உரிய பெருமை இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1987இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள், அமினோ அமில வரிசையை மட்டும் வைத்தே, ஸ்பைக்கின் தண்டில் முறுக்கிக்கொண்ட சுருள்கள் இருக்கும் என்று கணித்தனர். அதே நகரில் 2003இல் பெரென்ட் யான் பாஷ், பீட்டர் ராட்டியர் குழு அதை நிறுவியது. எஸ்2வின் முனை உயிரணுச் சவ்வில் புதைகிறது; பிறகு புரதம் தன்மேலேயே மடங்கி, உள்ளே மூன்றும் வெளியே மூன்றுமாக ஆறு சுருள் கொண்ட கட்டாக இறுகுகிறது. அந்த இறுக்கத்தில் இரு சவ்வுகளும் நெருங்கிக் கலக்கின்றன. இன்ஃப்ளூயன்சாவும் எச்ஐவியும் கையாளும் உத்தியும் இதுவே. அதே ஆண்டில் மைக்கேல் ஃபர்சன் குழு சார்ஸ் வைரசின் ஏற்பி ஏசிஇ2 என்று கண்டது. எஸ்2வுக்குள்ளேயே இரண்டாவது வெட்டு ஒன்று விழுவதை 2009இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேரி விட்டேக்கர் குழு காட்டியது.

வெட்டு எங்கே விழுகிறது என்பது மருத்துவத்தையே திசைமாற்றக்கூடியது. டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்னும் நொதி உள்ள நுரையீரல் உயிரணுக்களில், கோவிட் வைரஸ் வெளிச்சவ்விலேயே இணைந்துவிடும். அந்த நொதி இல்லாத இடத்தில் வைரஸ் எண்டோசோம் என்னும் உட்பைக்குள் போய், அங்குள்ள கதெப்சின் எல் நொதியை நம்ப வேண்டும். குளோரோகுயின் தடுப்பது இந்த இரண்டாவது வழியை மட்டுமே. குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் வைரசை நிறுத்திய அந்த மருந்து, மனித நுரையீரல் உயிரணுக்களில் பலிக்காததன் காரணம் அதுதான். அதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயினை 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்திருந்தது.

தடுப்பூசிக்கு வேண்டியது இணைவுக்கு முந்தைய வடிவம். ஆனால் தனியே பிரித்தெடுத்த ஸ்பைக் எளிதில் வடிவம் மாறிவிடும். 2017இல் ஜேசன் மெக்லெல்லன், ஆண்ட்ரூ வார்ட், பார்னி கிரகாம் ஆகியோரின் குழுக்கள் மெர்ஸ் ஸ்பைக்கில், நிமிர்ந்து நீளவேண்டிய சுருளின் வளைவில் புரோலின் என்னும் அமினோ அமிலத்தை இரண்டு இடங்களில் வைத்து அதை நீளவிடாமல் நிறுத்தின. 2020 ஜனவரியில் புதிய வைரசின் மரபணு வரிசை வெளியானபோது செய்முறை தயாராக இருந்தது: 986, 987ஆம் இடங்களில் புரோலின். ஃபைசர், மாடர்னா, ஜான்சன் அண்ட் ஜான்சன், நோவாவேக்ஸ் தடுப்பூசிகள் இதைப் பயன்படுத்தின. இந்தியாவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் இந்த மாற்றம் இல்லை.

பாஸ்டனில் பிங் சென் குழு 2020இல் இணைவுக்கு முந்தைய, பிந்தைய வடிவங்களை வெளியிட்டது. இடைநிலை நொடிப்பொழுதில் கடந்துவிடுவதால் நெடுங்காலம் கண்ணில் படவில்லை. சவ்வுகளுக்கிடையே பாதி மடிந்த நிலையில் ஸ்பைக்கைப் படம்பிடித்த யேல் பல்கலைக்கழக ஆய்வு 2024இல் வெளிவந்தது. எஸ்2வின் தண்டைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் அந்த மடிப்பை நடுவழியிலேயே நிறுத்துவதையும் அது காட்டியது.