திருநெல்வேலி மிஷன் பிளவு (1835–1838)

திருநெல்வேலி மிஷன் பிளவு என்பது 1835 ஆம் ஆண்டு முதல் 1838 ஆம் ஆண்டு வரை அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துப் புராட்டஸ்டண்ட் சபைகளில் ஏற்பட்ட பிரிவினையாகும். பாளையங்கோட்டையில் பணியாற்றிய ஜெர்மானிய மறைப்பணியாளர் ரேனியசுக்கும், அவரை அனுப்பிய இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்துக்கும் (சி. எம். எஸ்.) இடையே எழுந்த கருத்து வேறுபாடே இதற்குக் காரணம். விசுவாசத்தின் அடிப்படைகளில் இரு தரப்பினரும் பெரும்பாலும் ஒத்திருந்தனர். குருப்பட்டம் அளிக்கும் அதிகாரம் யாருக்குரியது என்பதே முதன்மையான சிக்கலாக இருந்தது.

பின்னணி

தஞ்சாவூர், திருநெல்வேலிப் பகுதிகளின் முதல் புராட்டஸ்டண்ட் சபைகள் ஆங்கிலிக்கச் சங்கமொன்றின் பொருளுதவியுடன் லுத்தரன் குருமாரால் வளர்க்கப்பட்டவை. சுவார்ட்ஸ் போன்றோர் ஆங்கிலேயரிடம் ஊதியம் பெற்றுக்கொண்டே லுத்தரன் முறையில் சபையை நடத்தினர். 1790 இல் தஞ்சாவூரில் சத்தியநாதன் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். பின்னர் அவர் பாளையங்கோட்டைப் பகுதியில் பணியாற்றினார். அப்போது இந்தியாவில் ஆங்கிலிக்க அத்தியட்சர் (பிஷப்) எவரும் இல்லாததால் இது பெரும் சிக்கலாகவில்லை.

1814 இல் கல்கத்தா அத்தியட்சாதீனம் தொடங்கியதும் நிலைமை மாறியது. அதே ஆண்டில் சென்னை வந்து சேர்ந்த ரேனியஸ் (1790–1838) பெர்லினில் லுத்தரன் குருப்பட்டம் பெற்றவர். 1820 இல் அவர் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். உபதேசியார்களைக் கொண்டு ஊர்தோறும் சபைகளையும் பள்ளிகளையும் நிறுவினார். புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தியமைத்தார். 1835 அளவில் சபைகளைச் சேர்ந்தோர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது.

கருத்து வேறுபாடு

வளர்ந்துவரும் சபைகளுக்கு ஞானஸ்நானமும் திருவிருந்தும் வழங்கத் தமிழ்க் குருமார் தேவைப்பட்டனர். தகுதியுள்ள உபதேசியார்களுக்குத் தாமும் உடன் ஊழியரும் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் அளிக்கலாம் என்று ரேனியஸ் கருதினார். அத்தியட்சரே ஆங்கிலிக்க முறைப்படி அளிக்க வேண்டும் என்று சங்கம் வலியுறுத்தியது. தம் பணியாளர் நடத்தும் சபைகள் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குக்குள் அமைவதே முறை என்பது சங்கத்தின் வாதம். தாம் லுத்தரன் குரு என்பதை அறிந்தே சங்கம் தம்மை அனுப்பியது என்பது ரேனியசின் வாதம்.

1834 இல், இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பை விளக்கிய நூலொன்றுக்கு ரேனியஸ் எழுதிய விமர்சனம் அச்சில் வந்தது. அதில் அத்திருச்சபையின் ஒழுங்குகளை அவர் கண்டித்திருந்தார். இதைத் தொடர்ந்து சங்கம் அவருடன் கொண்டிருந்த தொடர்பை முறித்துக்கொண்டது.

பிளவு

1835 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ரேனியஸ் திருநெல்வேலியை விட்டு ஆற்காடு சென்றார். உடன் ஊழியரான ஷாஃப்டர், மியூல்லர், லெக்லர் ஆகியோரும் அவர் பக்கம் நின்றனர். சங்கத்தின் சார்பில் ஜார்ஜ் பெட்டிட் பொறுப்பேற்றார். உபதேசியார்கள் பலர் திரும்பி வருமாறு வேண்டியதால் அதே ஆண்டின் பிற்பகுதியில் ரேனியஸ் மீண்டும் வந்து தனி மிஷன் ஒன்றை அமைத்தார். சபைகள் இரண்டாகப் பிரிந்தன. எத்தரப்பில் நிற்பது என்று உபதேசியார்களும் ஊர் மக்களும் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. குருப்பட்டம் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்கு இடையே நடந்தது. அதன் சுமையோ தமிழ்ச் சபைகள் மீது விழுந்தது.

1838 சூன் 5 அன்று ரேனியஸ் பாளையங்கோட்டையில் காலமானார். அதன் பின்னர் ஷாஃப்டரும் மியூல்லரும் சங்கத்துக்குத் திரும்பினர். லெக்லர் இலண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து சேலத்தில் பணியாற்றினார். சபைகளும் பெரும்பாலும் மீண்டும் இணைந்தன.

கரிசல் பகுதி

மாவட்டத்தின் வடபகுதியான கரிசல் நிலத்தில் புராட்டஸ்டண்ட் பணி பிளவுக்குப் பின்னரே விரிவடைந்தது. எட்டயபுரத்தை அடுத்த காமநாயக்கன்பட்டியில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே கத்தோலிக்க சபை இருந்தது. வீரமாமுனிவர் அங்கு பணியாற்றியுள்ளார். 1854 இல் சி. எம். எஸ். சார்பில் ராக்லண்ட் சிவகாசியை மையமாகக் கொண்டு கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்று போதித்தார். தென்பகுதிச் சபைகள் அவருக்கு உதவியாக உபதேசியார்களை அனுப்பின. நாகலாபுரம், புதியம்புத்தூர் ஆகிய ஊர்கள் மற்றோர் ஆங்கிலிக்கச் சங்கமான எஸ். பி. ஜி.யின் பணித்தளங்களாயின.

ரேனியசிடம் பயின்ற அருளப்பன் எந்தச் சங்கத்தையும் சாராமல் 1842 இல் திருவில்லிபுத்தூர் அருகே கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார்.

பிற்கால நிலை

1857 இல் சட்டாம்பிள்ளை நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் ஆளுகையை ஏற்காத தனிச் சபையைத் தொடங்கினார். ஆங்கிலிக்கச் சங்கங்கள் இரண்டின் சபைகளும் 1896 இல் திருநெல்வேலி அத்தியட்சாதீனத்தின் கீழ் வந்தன. 1919 இல் தரங்கம்பாடியில் கூடிய தென்னிந்தியத் திருச்சபைத் தலைவர்கள் ஒன்றிணைவுக்கான அறிக்கையை வெளியிட்டனர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர்.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இணைந்த சபைகளில் அத்தியட்சர் கையால் குருப்பட்டம் பெறாதிருந்த குருமாரும் மறுபட்டம் இன்றி ஏற்றுக்கொள்ளப்பட்டனர். இனி வழங்கப்படும் குருப்பட்டங்களை அத்தியட்சரே அளிப்பார் என்றும் முடிவாயிற்று. 1835 இல் பிளவுக்குக் காரணமான கேள்விக்கு இவ்வாறு இரு தரப்பும் ஏற்கத்தக்க விடை கிடைத்தது. எனினும் ரேனியசின் மரபைச் சேர்ந்த தமிழ் லுத்தரன் திருச்சபை இந்த இணைப்பில் சேரவில்லை.