கதவில் ஒரு கைவினைஞரின் முகம்

ஜூபிலி ஆண்டில் ஆலயத்தை எழுப்பியவர்களை நினைக்கும் நாம், ஆலயத்துக்குக் கதவு செய்த ஒரு தொழிலாளியையும் நினைப்பது தகும். அவர் இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்துப் பொற்கொல்லர் லொரென்சோ கிபெர்த்தி (1378–1455).

அந்நகர மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திருமுழுக்குப் பெற்ற புனித ஸ்நாபக அருளப்பர் ஆலயத்துக்கு வெண்கலக் கதவு செய்ய 1401-ல் போட்டி நடந்தது. எழுவர் கலந்துகொண்டனர். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடும் காட்சியை ஒவ்வொருவரும் ஒரு பலகையில் வார்க்கவேண்டும். புருனலெஸ்கி உருவங்களைத் தனித்தனியே வார்த்துத் தகட்டில் பொருத்தினார். கிபெர்த்தியோ பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக வார்த்தார். அதனால் அவர் பலகை ஏறத்தாழ 7 கிலோ எடை குறைந்தது. 28 பலகைகள் கொண்ட கதவுக்கு இச்சிக்கனம் சிறிதன்று. பணி அவருக்கே கிடைத்தது.

மெழுகில் உருவம் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது அவர் முறை. நம் சுவாமிமலை ஸ்தபதிகளும் அறிந்த முறையே. வார்ப்பு ஆறியபின் நுண்ணிய உளிவேலை, பிறகு பொன்முலாம். 1403-ல் ஒப்பந்தமான கதவு 1424-ல்தான் ஆலயத்தில் ஏறியது. மறு ஆண்டே அடுத்த கதவும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய ஏற்பாட்டை 10 பலகைகளில் கூறும் அது 1452-ல் முடிந்தது. இரு கதவுகளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு!

இரண்டாம் கதவைத் தமக்குத் தக்கதெனத் தோன்றியவாறு செய்ய உரிமை பெற்றதாக அவரே எழுதியுள்ளார். அவ்வுரிமையைக் கொண்டு அவர் செய்தது என்ன? அருகிலுள்ள உருவங்கள் புடைத்து நிற்க, தொலைவிலுள்ளவை மெல்லிய கோடுகளாய் மறையுமாறு அமைத்தார். இளமையில் வார்த்த ஈசாக்கின் பலியை ஆபிரகாம் பலகையில் மீண்டும் வடித்தார். சட்டத்தின் ஓரத்தில், சிறிய தலைகளுள் ஒன்றாகத் தம் வழுக்கைத் தலையையும் வைத்தார். இது செருக்கோ? நாம் அவ்வாறு எண்ணவில்லை. நடுவிடத்தை இறைவார்த்தைக்கு விட்டுவிட்டு, செய்த வேலைக்குப் பொறுப்பேற்று ஓரத்தில் நிற்கும் முகம் அது.

1966 நவம்பர் 4-ஆம் நாள் வெள்ளத்தில் அக்கதவின் 5 பலகைகள் பெயர்ந்தன. சீரமைப்பு 2012-ல் நிறைவுற்றது. இன்று அசல் கதவு அருங்காட்சியகத்திலும் நகல் ஆலயத்திலும் உள்ளன.

நம் ஆலயத்துக்கு உழைத்த கொத்தர், தச்சர், கொல்லர் முகங்கள் எந்தச் சுவரிலும் இல்லை. ஆயினும் அவர்கள் பெயர்கள் மூத்தோர் நினைவில் இருக்கும். அன்பு இறைமக்களே, அவற்றைக் கேட்டறிந்து எழுதித் தாருங்கள். பங்கின் ஏடுகளில் அவற்றைப் பதிவு செய்வோம்.