மெகாபிக்சல் கேமரா போன்கள்

மெகாபிக்சல் கேமரா போன் என்பது ஏறத்தாழ பத்து லட்சம் பிக்சல்களிலோ அதற்கு மேலோ படமெடுக்கும் கேமராவைத் தன்னுள்ளேயே கொண்ட கைப்பேசி. 2003இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இவ்வகைப் போன்கள் அடுத்த ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவின. இவற்றின் வரலாறு பெரும்பாலும் லென்ஸ், சென்சார் ஆகியவற்றின் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. அது பாதி வரலாறுதான். எடுத்த படம் எந்த நெட்வொர்க் வழியாக, எந்த அளவில், யாரிடம் போய்ச் சேர முடிந்தது என்பது மறுபாதி. கேமரா முன்னே ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நெட்வொர்க் அதைத் துரத்திப் பிடிக்கத் திணறியது. அந்த இடைவெளியே இவ்வகைப் போன்களின் வடிவத்தையும் பயன்பாட்டையும் தீர்மானித்தது.

முன்னோடிகள்

1997 ஜூன் 11 அன்று கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில், மென்பொருள் தொழில்முனைவோரான பிலிப் கான் ஒரு காசியோ டிஜிட்டல் கேமரா, ஒரு மடிக்கணினி, ஒரு மோட்டோரோலா ஸ்டார்டாக் கைப்பேசி ஆகிய மூன்றையும் மருத்துவமனையிலேயே இணைத்து, அப்போதுதான் பிறந்த தம் மகளின் படத்தை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பார்வைக்கு அனுப்பினார். கேமராவும் போனும் அன்று தனித்தனிக் கருவிகள்தான். ஆனால், படமெடுத்த இடத்திலிருந்தே உடனே அனுப்புவது என்ற முறை அங்கே முழுமையாக இருந்தது.

1999இல் ஜப்பானின் கியோசெரா நிறுவனம் 1,10,000 பிக்சல் கேமரா கொண்ட விபி-210 போனை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டு தென்கொரியாவில் வந்த சாம்சங் எஸ்சிஎச்-வி200 போன் 3,50,000 பிக்சல்களில் இருபது படங்கள் எடுக்கும். ஆனால் படங்களை வெளியே எடுக்க அதைக் கணினியுடன் இணைத்தாக வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் ஜே-போன் என்ற ஜப்பானிய நெட்வொர்க் நிறுவனத்துக்காக ஷார்ப் தயாரித்த ஜே-எஸ்எச்04 போனின் கேமரா அதைவிடச் சிறியது, 1,10,000 பிக்சல்தான். இருந்தும் வென்றது இதுவே. எடுத்த படத்தைப் போனிலிருந்தே மின்னஞ்சலில் அனுப்ப முடிந்தது. ‘ஷா-மெயில்’ என்ற பெயரில் பரவிய இந்தச் சேவையின் பலத்தால், சந்தாதாரர் எண்ணிக்கையில் மூன்றாம் இடத்திலிருந்த ஜே-போன் 2002இல் இரண்டாம் இடத்துக்கு வந்தது. முதலிடத்திலிருந்த என்டிடி டோகோமோ அதே ஆண்டு ‘ஐ-ஷாட்’ என்ற போட்டிச் சேவையைத் தொடங்கியது.

2002இல் ஐரோப்பாவில் நோக்கியா 7650, அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் நெட்வொர்க்கில் சான்யோ எஸ்சிபி-5300 ஆகியவை வந்தன. இரண்டும் 640×480 அளவில், அதாவது 3,07,200 பிக்சல்களில் படமெடுத்தன. திரையில் பார்க்க இது போதும். அச்சிட்டால் மங்கும்.

பத்து லட்சம் என்ற எல்லை

ஷார்ப் தயாரித்து ஜே-போன் 2003 மே மாதம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜே-எஸ்எச்53, ஜப்பானின் முதல் மெகாபிக்சல் போன். அதில் இருந்தது சிசிடி வகைச் சென்சார். படங்களைச் சேமிக்க எஸ்டி கார்டு போடும் வசதியும் இருந்தது. டோகோமோவின் 505ஐ வரிசைப் போன்கள் உடனே பின்தொடர்ந்தன.

பத்து லட்சம் என்பது விளம்பரத்துக்காகத் தேர்ந்த எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு நடைமுறைப் பொருள் உண்டு. ஸ்டூடியோக்களில் வழக்கமாகப் பிரிண்ட் போடும் 6×4 அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 200 புள்ளிகள் வீதம் அச்சிட 1200×800 புள்ளிகள் தேவை, அது 9,60,000. ஆகவே மெகாபிக்சல் படம் ஆல்பத்தில் ஒட்டும் தரத்தை முதன்முறையாகத் தொட்டது. முந்தைய 640×480 படத்தை அதே தாளில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 107 புள்ளிகள்கூடத் தேறாது. அறிவிப்புப் பலகையையோ பேருந்து நேர அட்டவணையையோ படமெடுத்துவிட்டுப் பிறகு எழுத்தைப் படிக்க முடிந்ததும் இந்த எல்லையைக் கடந்த பிறகுதான்.

2004இல் நோக்கியாவின் முதல் மெகாபிக்சல் போனான 7610 வந்தது. அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் விற்ற ஆடியோவாக்ஸ் பிஎம்-8920 போனின் கேமரா 1.3 மெகாபிக்சல், வெரைசன் விற்ற மோட்டோரோலா வி710 போனுடையது 1.2 மெகாபிக்சல். தென்கொரியாவில் ஓட்டம் இன்னும் வேகம். சாம்சங் அங்கே 2004இல் 5 மெகாபிக்சல் போனையும், 2005இல் 7 மெகாபிக்சல் போனையும், 2006இல் 10 மெகாபிக்சல் போனையும் வெளியிட்டது.

நெட்வொர்க்கின் நெருக்கடி

ஐரோப்பாவில் படம் அனுப்பும் முறையாக எம்எம்எஸ் வந்தது. நார்வேயின் டெலினார் 2002 மார்ச்சில் அதைத் தொடங்கியது. வெவ்வேறு நிறுவனங்களின் போன்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்காக வகுக்கப்பட்ட எம்எம்எஸ் 1.2 தரவரையறையில், அடிப்படைப் படச் செய்திக்கு 30 கிலோபைட், உயர்தரப் படச் செய்திக்கு 640×480 பிக்சலும் 100 கிலோபைட்டும் என வரம்பு இருந்தது. மெகாபிக்சல் போன் எடுக்கும் ஒரு படமோ எளிதில் 300 கிலோபைட்டைத் தாண்டும்.

அன்றைய ஜிபிஆர்எஸ் இணைப்பு பதிவிறக்கத்துக்கே சாதகமாக அமைந்திருந்தது. பதிவேற்றத்துக்குப் பெரும்பாலான போன்களில், பலர் முறைவைத்துப் பகிரும் அலைவரிசையின் நேரத்துண்டுகளில் ஒன்று அல்லது இரண்டே கிடைத்தன. இரண்டு கிடைத்தாலும் உச்ச வேகம் நொடிக்கு சுமார் 27 கிலோபிட். அந்த வேகம் ஒரு கணமும் குறையாமல் இருந்தால்கூட 300 கிலோபைட் படத்தை ஏற்ற ஒன்றரை நிமிடம் ஆகும்; நெரிசலான கோபுரத்தின் கீழ் அதைவிட நேரமாகும். எனவே போன்கள் செய்தது இதுதான்: மெகாபிக்சலில் எடுத்த படத்தை எம்எம்எஸ்ஸில் இணைக்கும்போது தாமாகவே சுருக்கின. பெறுபவர் பார்த்தது பெரும்பாலும் பழைய போன் எடுத்திருக்கக்கூடிய அளவிலான படம். காசு கொடுத்து வாங்கிய பிக்சல்களில் பெரும்பகுதி எடுத்தவர் கையிலேயே தங்கிவிட்டது.

அமெரிக்காவில் வேறு வழி கையாளப்பட்டது. ஸ்பிரிண்ட்டின் படச் சேவையை இயக்கியது பிலிப் கான் 1998இல் நிறுவிய லைட்சர்ஃப். படம் முதலில் சர்வருக்குப் போகும். பெறுபவரின் திரைக்கு ஏற்ற அளவில் அங்கே மாற்றப்படும். வேறு நெட்வொர்க்கில் இருப்பவருக்கு இணைய முகவரி மட்டும் போகும். மூலப் படம் சர்வரில் இருந்ததால் இந்த ஏற்பாடு எம்எம்எஸ்ஸைவிட முன்யோசனை உடையது என்றே சொல்ல வேண்டும். இன்றைய போட்டோ சேமிப்புச் சேவைகள் பலவும் இந்த வழியில்தான் நடக்கின்றன.

படத்தைப் போனிலிருந்து வெளியே எடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. நெட்வொர்க் நிறுவனத்துக்கு ஒவ்வொரு படச் செய்தியும் வருமானம். கேபிள், ப்ளூடூத், மெமரி கார்டு வழியாக வெளியேறும் படத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. மோட்டோரோலா வி710 போனில் ப்ளூடூத் இருந்தும் அதன் வழியே கோப்புகளை அனுப்பும் வசதியை வெரைசன் முடக்கியிருந்தது. வாடிக்கையாளர்கள் 2005 ஜனவரியில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள்; வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால், அதே போனில் இருந்த டிரான்ஸ்ஃப்ளாஷ் என்ற நகக்கண் அளவுக் கார்டு, பின்னாளில் மைக்ரோஎஸ்டி என்று பெயர் மாறி, பூட்டுகள் எல்லாவற்றையும் பொருளற்றவையாக்கியது.

இந்தியாவில் இந்த இடைவெளி இன்னும் நீண்டது. 1.3, 2, 3.2 மெகாபிக்சல் போன்கள் 2004 முதல் 2007 வரை கடைகளுக்கு வந்துவிட்டன. 3ஜி சேவையோ 2008 டிசம்பரில் தில்லியில் அரசு நிறுவனமான எம்டிஎன்எல் வழியாகத்தான் தொடங்கியது. தனியார் நிறுவனங்களின் 3ஜி 2010 அலைக்கற்றை ஏலத்துக்குப் பிறகே வந்தது. அதுவரை படங்கள் ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்கு ப்ளூடூத்தில் போயின, அல்லது மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் செருகி எடுக்கப்பட்டன.

செய்தியும் சட்டமும்

2005 ஜூலை 7 அன்று லண்டனில் குண்டுகள் வெடித்தபோது சுரங்க ரயிலுக்குள் எந்தப் பத்திரிகைப் புகைப்படக்காரரும் இல்லை. கேமரா போன் வைத்திருந்த பயணிகள் இருந்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் பிபிசிக்குப் பொதுமக்களிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. செய்தி நிறுவனங்கள் வாசகரின் படங்களைப் பெற்றுச் சரிபார்ப்பதை ஒரு தனிப் பணியாகக் கொள்ளத் தொடங்கியதில் அந்த நாளுக்குப் பெரும் பங்குண்டு.

மறைந்திருந்து படமெடுக்கும் குற்றமும் கூடவே வளர்ந்தது. படமெடுக்கும்போது போன் கேட்கும்படி ஒலிக்க வேண்டும் என்று தென்கொரியா விதித்தது. ஜப்பானில் சட்டம் இன்றி, நிறுவனங்களே அந்த ஒலியைக் கட்டாயமாக்கின. அமெரிக்கா 2004 டிசம்பரில் இக்குற்றத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்கும் 66இ பிரிவு, இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தத்தின் மூலம் சேர்ந்து 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

பிக்சல் எண்ணிக்கையும் தரமும்

போனின் தடிமன் சென்சாரின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. அதே பரப்பில் கூடுதல் பிக்சல்களை அடைத்தால் ஒவ்வொரு பிக்சலும் சிறுக்கும். 2006 வாக்கில் 2.2 மைக்ரான் அகலமிருந்த பிக்சல், சில ஆண்டுகளில் 1.4 மைக்ரானுக்கு இறங்கியது. அகலம் இவ்வாறு குறைந்தால் ஒளி விழும் பரப்பு பாதிக்கும் கீழே போகிறது. மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு இதுவே காரணம். 2006இல் சோனி எரிக்சன் கே800ஐ போன் 3.2 மெகாபிக்சலுடன் தானியங்கிக் குவியமும் செனான் ஃபிளாஷும் சேர்த்து அளித்து, அதைவிடப் பெரிய எண்களைக் காட்டிய பல போன்களைவிட நல்ல படம் தந்தது. கடைக்காரர்களும் விளம்பரங்களும் மெகாபிக்சல் ஒன்றையே அளவுகோலாக்கியது வாங்குபவர்களுக்குச் செய்த தீங்கு.

இந்த முரணுக்கு ஒரு தீர்வை 2012இல் நோக்கியா 808 பியூர்வியூ காட்டியது. அதன் பெரிய சென்சாரில் 41 மெகாபிக்சல் இருந்தும், ஏறத்தாழ ஏழு பிக்சல்களின் தகவலை ஒன்றாகச் சேர்த்து 5 மெகாபிக்சல் படமாகத் தர முடிந்தது. 2023இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவும் 200 மெகாபிக்சல் சென்சாரில் பதினாறு பிக்சல்களை ஒன்றாக்கி, இயல்பாக 12 மெகாபிக்சல் படத்தையே சேமிக்கிறது.

அனுப்பும்போது சுருங்குவதும் முற்றிலும் நின்றுவிடவில்லை. வாட்ஸ்அப் இன்றும் படங்களை இயல்பாகச் சுருக்கியே அனுப்புகிறது. 2023இல் சேர்த்த எச்டி வசதியிலும் ஓரளவு சுருக்கம் உண்டு. கேமரா பதிவு செய்த முழுப் படமும் மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் அதை ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும்.