ஒரிஜினல் ஃபில்டரும் வெளி ஃபில்டரும்

போன மாசம் ஆயில் மாத்த ஷோரூம் சர்வீஸுக்கு வண்டியை எடுத்துட்டுப் போயிருந்தேன். (நான் குப்பை கொட்டுவது அமெரிக்காவில்.) வெளியே வாங்கின ஆயில் ஃபில்டரைப் போட்டா வாரன்ட்டி போயிடும்னு கவுன்ட்டரில் இருந்தவர் ஒரே போடாகப் போட்டார். இஞ்சின் விஷயமாச்சே! மண்டையை ஆட்டிவிட்டு, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் குடைச்சல். ஒரிஜினல், ஒரிஜினல்ங்கறாங்களே, அது யார் செஞ்சது?

தோண்டிப் பார்த்தா வேடிக்கையா இருக்கு. ஆயில் ஃபில்டரே வெளி ஆள் கொண்டுவந்த சரக்குதான்.

ஆரம்ப காலக் கார்களில் ஃபில்டர் கிடையாது. ஆயில் பம்ப் வாயில் ஒரு கம்பி வலை இருந்தாலே பெரிய விஷயம். கரியும் இரும்புத் துகளும் ஆயிலோடவே சுத்திச் சுத்தி பேரிங்கைத் தின்னும். கலிஃபோர்னியாக்காரர்கள் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹாலும் 1923-ல் ஒரு ஃபில்டருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். பேர் 'பியூரோலேட்டர்'. 'பியூர் ஆயில் லேட்டர்' என்பதன் சுருக்கமாம், நம்ம ஊர் பஞ்ச் டயலாக் மாதிரி :-) அடுத்த வருஷமே, 1924-ல், வால்டர் கிரைஸ்லர் தன் பேரில் விட்ட முதல் காரில் இது இருந்தது.

ஆனா எல்லாக் கம்பெனியும் உடனே ஓடிவந்து மாட்டலை. ஷெவ்ரோலேயின் புகழ்பெற்ற சின்ன வி8 இஞ்சின் 1955-ல் வந்தபோது, பிளாக்கில் ஃபில்டருக்கு இடமே இல்லை. வேணும்னா தனியா காசு கொடுத்து மாட்டிக்கணும். அதுவும் ஆயிலில் ஒரு பங்கைத்தான் வடிகட்டும். மொத்த ஆயிலும் ஃபில்டர் வழியாகப் போகிற ஏற்பாடு 1956-ல்தான் அந்த இஞ்சினுக்கு வந்தது. இன்னிக்கு நாம திருகி மாட்டுற டப்பா ஃபில்டரும் அப்படித்தான். 1954-ல் அதைக் கொண்டுவந்தது விக்ஸ் என்கிற ஃபில்டர் கம்பெனி (மூக்கடைப்புக்குத் தடவுற விக்ஸ் இல்லைங்க).

அப்போ கார் கம்பெனி பேர் போட்ட டப்பா? ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஏசி என்று சொந்தப் பிரிவு இருந்தது, அது வேற கதை. ஃபோர்டின் மோட்டார்கிராஃப்ட் ஃபில்டர்களைப் பல வருஷம் செஞ்சு கொடுத்தது நம்ம பழைய பியூரோலேட்டர்தான்.

இதைப் படிச்சுட்டு "எல்லாம் ஒண்ணுதான்"னு மலிவுச் சரக்கை வாங்கிடாதீங்க. ஒரே ஃபேக்டரியில் வந்தாலும் உள்ளே இருக்கறது ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமில்லை. டப்பாவுக்குள்ள பேப்பரோடு ரெண்டு வால்வு இருக்கு. பேப்பர் அடைச்சுக்கிட்டா ஆயிலைச் சுத்திவிடுறது ஒண்ணு. அது எந்த அழுத்தத்தில் திறக்கணும் என்பது இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். சீக்கிரமே திறந்தா அழுக்கு ஆயில் நேரா பேரிங்குக்குப் போகும். இன்னொண்ணு, வண்டி நிற்கும்போது ஆயில் ஃபில்டரிலிருந்து கீழே இறங்காமல் பிடிச்சு வைக்கிற ரப்பர். அது மட்டமா இருந்தா காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சில விநாடி இஞ்சின் காய்ஞ்சு ஓடி கடகடன்னு கத்தும். கார் கம்பெனி டப்பாவில் நாம காசு கொடுக்கறது அந்தப் பேருக்கு மட்டுமில்லை, இந்த அளவுகளை உங்க இஞ்சினுக்குன்னு எழுதிக் கொடுத்ததுக்கும்தான். நல்ல வெளிக் கம்பெனியும் இதைப் பொருத்திச் செய்யும். திருகாணி பொருந்துதுன்னு மட்டும் பார்த்து விற்கிறவன்கிட்டதான் உஷாரா இருக்கணும்.

சரி, அந்த வாரன்ட்டி மிரட்டல்? அமெரிக்காவில் 1975-லேயே மேக்னுசன்-மாஸ் சட்டம் வந்தாச்சு. எங்க பேர் போட்ட ஃபில்டரைத்தான் போடணும்னு வாரன்ட்டிக்கு நிபந்தனை வைக்கணும்னா, அதை அவங்க இலவசமாத் தரணும்; இல்லேன்னா அரசு வர்த்தக ஆணையத்திடம் விலக்கு வாங்கியிருக்கணும். வெளி ஃபில்டரே கோளாறாகி இஞ்சினைக் கெடுத்தா மட்டும், அந்தச் செலவை கார் கம்பெனி ஏத்துக்க வேண்டியதில்லை.

நான் அன்னிக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். அடுத்த தடவைக்கு என் இஞ்சின் நம்பரைச் சொல்லி, வால்வு அழுத்தம் வரைக்கும் ஒத்துப்போகிற ஒரு வெளி ஃபில்டரைத் தேடி வாங்கி வெச்சிருக்கேன். பில் டேஷ்போர்டுக்குள்ள பத்திரமா இருக்கு.