கப்பர்நாகும்

கலிலேயாக் கடலின் வடமேற்குக் கரையில், இன்றைய இஸ்ரேலில் உள்ள தொல்லூர். நாசரேத்தை விட்டு வந்த இயேசு இங்கே குடியிருந்ததாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. அவருடைய சீடர்களான மீனவர்கள் பேதுருவும் அந்திரேயாவும் வாழ்ந்த ஊர் இது. 1838இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன் இந்த இடிபாடுகளைக் கண்டு எழுதினார். 1894இல் பிரான்சிஸ்கன் துறவியர் நிலத்தை வாங்கிக் காத்தனர்.

வருவோரின் கண்ணை முதலில் ஈர்ப்பது வெண்சுண்ணாம்புக்கல் தொழுகைக்கூடம். ஆனால் அது இயேசு போதித்த கூடம் அன்று. அவர் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. அதன் அடியில் தெரியும் கரிய எரிமலைக்கல் சுவர்களை முதல் நூற்றாண்டுக் கூடத்தின் எச்சமாகப் பலர் கருதுகின்றனர்.

இங்கு நின்று பார்க்க வேண்டியது பேதுருவின் வீடு எனப்படும் பகுதியையே. 1968இல் கோர்போ, லொஃப்ரேதா ஆகிய துறவியர் தொடங்கிய அகழாய்வில், 5ஆம் நூற்றாண்டின் எண்கோண ஆலயத்துக்குக் கீழே ஓர் எளிய வீடு வெளிப்பட்டது. அதன் ஓர் அறைச் சுவருக்கு மட்டும் தனியாகச் சாந்து பூசியிருந்தனர். பூச்சில் பக்தர்களின் கீறல் எழுத்துகளும் இருந்தன. பேதுருவின் பெயர் தாங்கிய கல்வெட்டு எதுவும் உறுதிப்படவில்லை. எனினும் மிகப் பழங்காலத்திலேயே மக்கள் இவ்வறையைப் போற்றினர் என்பதற்கு இச்சான்றுகள் வலுவானவை. 1990இல் இதன்மேல் எழுப்பிய ஆலயத்தின் கண்ணாடித் தரை வழியே அந்த அறையைக் காணலாம்.

சுற்றியுள்ள வீடுகளின் ஒழுங்கற்ற கற்சுவர்கள் கிளையும் மண்ணும் வேய்ந்த கூரையைத்தான் தாங்கியிருக்கும். முடக்குவாதக்காரர் ஒருவரை, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நிகழ்வை மாற்கு நற்செய்தி இவ்வூரில்தான் வைக்கிறது.