கப் கேக்கும் வடை ஓட்டையும்

போன மாசம் பாப்பாவுக்கு முதல் பிறந்த நாள். கடையில கேக் வாங்கினா தெய்வக் குத்தம் ஆயிடும்ங்கற மாதிரி, நானே செய்றேன்னு கிளம்பிட்டேன். அதுவும் ராட்சத கப் கேக்! அடியில மடிப்பு மடிப்பா கப், மேல முறுக்கின க்ரீம் கொண்டை, மொத்தத்துல ஒரு சின்னக் குடம் சைஸ். அமெரிக்காவில் முதல் பிறந்த நாளுக்கு இந்த மாதிரி ஒண்ணைப் பிள்ளை முன்னாடி வெச்சு, பிசைஞ்சு விளையாட விட்டு போட்டோ எடுப்பாங்க. ரெண்டு பாகமா வர்ற சிலிக்கான் அச்சு ஒண்ணை வாங்கியாச்சு.

அச்சைப் பார்த்த அம்மா கேட்டாங்க: "கப் கேக்னா கப்புல வேகுறதுதானேடா? இது என்ன அண்டா?"

நியாயமான கேள்வி. நமக்குத்தான் எதையும் சும்மா விட முடியாதே. மாவு பிசையறதை விட்டுட்டுப் படிக்க உக்காந்துட்டேன் :-)

கதை 1796-ல் ஆரம்பிக்குது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 'அமெரிக்கன் குக்கரி'ன்னு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் புத்தகம்னு அதைச் சொல்றாங்க. எழுதினவர் அமேலியா சிமன்ஸ். அட்டையில் பேருக்குக் கீழே அவர் போட்டுக்கிட்ட பட்டம், 'ஓர் அமெரிக்க அநாதை'. அதுல சின்னக் கப்புகளில் வேக வைக்கும் லேசான கேக் ஒண்ணு இருக்கு. வெண்ணெய், சர்க்கரை, மாவு, பன்னீர், ஜாதிக்காய். உப்ப வைக்கறதுக்கு பியர் மண்டியில் வளர்த்த ஈஸ்ட். பேக்கிங் பவுடர் எல்லாம் அப்ப கிடையாது. இங்கிலாந்தில் ஆல்ஃப்ரட் பேர்ட் தன் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கலைன்னு அதைக் கண்டுபிடிச்சதே 1843-ல்தான்.

சரி, ஏன் சின்னக் கப்? அந்தக் காலத்து அடுப்பை நினைச்சுப் பாருங்க. செங்கல் அடுப்புக்குள்ள விறகை எரிச்சு, தணலை வாரி வெளிய தள்ளிட்டு, மிச்ச சூட்டில் வேக வைப்பாங்க. சூடு எவ்வளவுன்னு பார்க்கறது, உள்ளே கையை நீட்டி எத்தனை எண்ணுற வரைக்கும் தாங்குதுங்கறதை வெச்சு. நேரம் ஆக ஆக சூடு இறங்கிக்கிட்டே போகும். பெரிய கேக் வேகறதுக்குள்ள அடுப்பு ஆறிப்போயிடலாம். சின்னதுன்னா சீக்கிரம் வெந்துடும். ஆக, அழகுக்காக வந்த சைஸ் மட்டும் இல்ல அது.

'கப்'புக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 1828-ல் எலைசா லெஸ்லி எழுதின புத்தகத்தில் 'கப் கேக்'னே பேர் போட்டு ஒண்ணு இருக்கு. அதில் கப்புங்கறது அளவு. வெல்லப்பாகு ரெண்டு கப், சர்க்கரை ரெண்டு கப், வெண்ணெய் ரெண்டு கப், மாவு அஞ்சு கப், முட்டை அஞ்சு. அதுக்கு முன்னாடி பவுண்டு கேக். எல்லாம் ஒவ்வொரு பவுண்டுன்னு தராசில் நிறுக்கணும். தராசு எல்லார் வீட்டிலயும் இருக்குமா? டீ கப் இருக்கும். வெண்ணெய் ஒரு கப், சர்க்கரை ரெண்டு, மாவு மூணு, முட்டை நாலுன்னு 1-2-3-4 கேக்கும் இந்த வழியில் வந்ததுதான். கப் சின்னதோ பெருசோ, விகிதம் மாறாது. (முட்டை மட்டும் சொன்ன பேச்சு கேட்காது.) 1896-ல் ஃபேனி ஃபார்மர் வந்துதான், கப்பைத் தலைதட்டி அளக்கணும்னு கறார் பண்ணினாங்க.

இதை அம்மாகிட்ட ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். "இட்லிக்கு நாலுக்கு ஒண்ணுன்னு போடறேனே, அது என்னவாம்?"ன்னாங்க. படி, உழக்கு, ஆழாக்குன்னு அளந்த ஊர்ல பிறந்துட்டு அமெரிக்கா வரைக்கும் போயிருக்கேன் பாருங்க!

1996-ல் நியூயார்க்கில் மேக்னோலியா பேக்கரி வந்து, 2000-ல் ஒரு டிவி தொடரில் அந்தக் கடை கப் கேக் தலைகாட்ட, அப்புறம் ஊரெல்லாம் அதே பைத்தியம். அந்த மோகத்தில்தான் சின்னதா இருக்கணும்னு பிறந்த சாமான் பெருசாக ஆரம்பிச்சது.

இனி நம்ம சோகம். பிறந்த நாளுக்கு முதல் நாள் ராத்திரி, 180 டிகிரியில் 50 நிமிஷம் வெச்சேன். வெளிய கருகல், நடுவுல மாவு பாயசம். பொருளோட தடிமன் ரெண்டு மடங்கானா, சூடு நடுவுக்குப் போய்ச் சேர நேரம் ஏறக்குறைய நாலு மடங்காகும். ஆஃபீஸ்ல லூப்புக்குள்ள லூப் எழுதாதேன்னு ஜூனியர் பசங்களைத் திட்டறவன், அதே கணக்கில் அடுப்படியில மாட்டிக்கிட்டேன்.

மணி பதினொண்ணு. அம்மா தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து பார்த்தாங்க. "வடைக்கு எதுக்குடா ஓட்டை போடறோம்?"னு மட்டும் கேட்டுட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டாங்க.

1950-ல் மின்னியாபொலிஸில் டால்க்விஸ்ட்ங்கற இன்ஜினியர் வார்த்த பண்ட் கேக் அச்சுக்கும் நடுவில் குழாய் இருக்கு. சூடு உள்ளேயிருந்தும் போகட்டும்னு. அதைப் பத்தி சாயங்காலம்தான் படிச்சிருந்தேன். உறைக்கலையே!

குட்டி எவர்சில்வர் டம்ளருக்கு வெண்ணெய் தடவி, மிதக்காம இருக்க உள்ளே கொஞ்சம் கல் உப்பு போட்டு நடுவில் நிறுத்தினேன். 160 டிகிரி, 80 நிமிஷம். வெந்தது. முதல் கேக்கில் தப்பிச்ச ஓரங்களை உதிர்த்து, க்ரீமில் பிசைஞ்சு ஓட்டையை அடைச்சேன். கொஞ்சம் சாய்ஞ்ச கோபுரம்தான். பாப்பா கொண்டையில் கையை விட்டு, எடுத்து என் சட்டையில் தேய்ச்சா.

அமேலியா சிமன்ஸுக்கு அச்சுக்குத் தயார் பண்ற அளவுக்குப் படிப்பு கிடையாது. எழுதிக் கொடுக்க ஆள் வெச்சார். அந்த ஆள் அவசியமானதை விட்டுட்டு வேற எதையோ சேர்த்துட்டதா புத்தகத்திலேயே புலம்பியிருக்கார். அம்மாவும் இதுவரை ஒரு சமையல் குறிப்பு எழுதினதில்லை. அதனால மறுநாளே ஒரு நோட்டு வாங்கி, அவங்க சொல்லச் சொல்ல எழுத உக்காந்தேன். அளவு எல்லாம் அவங்க முப்பது வருஷமா வெச்சிருக்கிற டம்ளர் கணக்கு.

முதல் பக்கம், மெதுவடை. எழுதினதைப் படிச்சுக் காட்டினேன்.

"நான் எங்கடா அப்படிச் சொன்னேன்?"