எல்லைக் கோடும் இறைமக்களும்



நம் முன்னோர் 'மேற்றிராசனம்' என்றார்கள். நாம் 'மறைமாவட்டம்' என்கிறோம். இச்சொல்லுக்குள்ளேயே மாவட்டம் அடங்கியுள்ளது. மேலைநாட்டு மொழிகளிலும் அப்படித்தான். திருச்சபையைக் கொடுமையாய்த் துன்புறுத்திய உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் தொடங்கிய சீர்திருத்தத்தில், மாநிலங்கள் பல சேர்ந்த பெரும்பகுதிக்கு 'நிர்வாகம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் பெயராயிற்று. அதே சொல்தான் பின்னர் ஆயரின் ஆட்சி எல்லையைக் குறித்தது.

நாட்டைப் பகுப்பது எப்படி என்பதற்குப் பிரான்சு நாட்டின் வரலாறு நல்லதொரு பாடம். 1789-க்கு முன் அங்கே மாநிலத்துக்கு ஓர் எல்லை, வரிக்கு ஓர் எல்லை, நீதிமன்றத்துக்கு வேறோர் எல்லை என்றிருந்தது. புரட்சி மன்றத்தார் இதை மாற்ற முனைந்தனர். நாடு முழுவதையும் ஏறக்குறைய ஒரே அளவான சதுரங்களாகப் பிரிக்கலாம் என்ற திட்டத்தைத் தூரே என்பவர் முன்வைத்தார். மக்கள் வாழும் மண் சதுரங்கப் பலகையன்று என்பதால் எதிர்ப்பு எழுந்தது. முடிவில் ஊர்களின் பழைய உறவுகளையும் ஓரளவு மதித்து, 1790-இல் 83 'திப்பார்த்மான்'கள் அமைந்தன. ஆறுகளும் மலைகளும் அவற்றுக்குப் பெயர் தந்தன. குதிரையில் ஒரு நாள் பயணத்தில் தலைநகரை அடைய வேண்டும் என்பதே நோக்கம். ஏழை விவசாயிக்கு இது பெரிய நன்மை என்பதை நாம் மறுக்கலாகாது.

அடிமட்டத்தில் என்ன நடந்தது? பழைய பங்குகளே பெரும்பாலும் 'கொம்யூன்' என்னும் ஊராட்சிகளாயின. கோவில் மணியோசையில் ஒன்றுகூடியவர்களை ஒரே ஊராராக அரசும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அதே ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் மற்றொரு சட்டம் பிறந்தது. திப்பார்த்மானுக்கு ஒரு மறைமாவட்டமே இருக்க வேண்டும், மற்றவை நீக்கப்படும், ஆயரையும் பங்குக் குருவையும் வாக்காளரே தேர்ந்தெடுப்பர் என்றது அச்சட்டம். திருத்தந்தையைக் கேட்காமலே ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆயர் பீடங்கள் அகற்றப்பட்டன. சட்டத்துக்கு உறுதிமொழி தருமாறு குருக்களை வற்புறுத்தியபோது ஏறத்தாழப் பாதிப் பேர் மறுத்தனர். 1791-இல் திருத்தந்தை ஆறாம் பத்திநாதர் அச்சட்டத்தைக் கண்டித்தார். ஒரே ஊரில் உறவினர் இரு கட்சியாயினர். எல்லையை மாற்றியதால் மட்டும் இத்துயர் வரவில்லை. மந்தையையும் மேய்ப்பனையும் கலந்துகொள்ளாமல் மாற்றியதால் வந்தது. 1792-இல் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளும் பங்குக் குருவின் கையைவிட்டு ஊராட்சியிடம் சென்றன.

காயம் ஆறக் காலம் பிடித்தது. இன்று அங்கே பெரும்பாலான மறைமாவட்டங்கள் திப்பார்த்மான் எல்லையையே ஒட்டியுள்ளன. அன்று பகையாய் வந்த கோடு இன்று வசதியாயிற்று. நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1880-இல் பிரெஞ்சு அரசு கொணர்ந்த 'கொம்யூன்' என்ற சொல், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என இன்றும் வழங்குகிறது.

யூபிலி ஆண்டில் நாம் எண்ண வேண்டியது இதுவே. பங்கு எல்லை என்பது நிலத்தின் அளவன்று. யாருடைய கண்ணீருக்கு நாம் பொறுப்பு என்பதன் அடையாளம். வளரும் பங்கு நாளை பிரிய நேரலாம். அன்று கோவிலும் கல்லறைத் தோட்டமும் யாருக்கு என்று வழக்காடாமல், கலந்து பேசி, தாய் தன் மகளை வாழ்த்தி அனுப்புவதுபோல் அனுப்புவோமாக. கோடு வீதியைப் பிரிக்கட்டும். நம் உள்ளங்களைப் பிரிக்க வேண்டாம்.